பழைய வெஸ்பாவின் எஞ்சின்: அப்படியே கட்டுவதா, மாற்றிக் கட்டுவதா?

அப்பாவோ பெரியப்பாவோ ஓடிய வெஸ்பாவை மாட்டுக் கொட்டிலில் இருந்து வெளியே இழுத்தவர்களுக்கு முதல் கொஞ்ச நாள் சந்தோசம்தான். துருவைச் சுரண்டலாம், பழைய நிறம் என்னவென்று பக்கக் கூட்டின் உட்புறத்தில் தேடலாம், தெருவால் போகிறவர்கள் நின்று ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள். எஞ்சினைக் கழற்றி, இரண்டாகப் பிளந்து மேசையில் பரப்பிய பிறகுதான் தலையிடி தொடங்கும். இனி எதைப் போட்டு மூடுவது?

எனக்கு மச்சான் முறையான ஒருவரின் 150 சிசி வெஸ்பா முள்ளியவளையில் இப்போது அந்த நிலையில் கிடக்கிறது. சேசிஸ் இலக்கம் விபிபி1டி என்று தொடங்கும், 1960களின் முதற்பாதி வண்டி. எட்டு அங்குலச் சக்கரம், நாலு கியர், ஆறு வோல்ட் மின்சாரம். அவருக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. கம்பனி கட்டியபடியே திரும்பக் கட்டலாம். அதே எஞ்சின் கூட்டுக்குள் பிந்திய காலத்துப் பாகங்களைப் போட்டுக் கட்டலாம். அல்லது பழையதைத் தூக்கி வைத்துவிட்டு இந்திய ஸ்கூட்டர்களான பஜாஜ் சேத்தக், எல்எம்எல், பிந்திய வெஸ்பாவான பிஎக்ஸ் என்று கிடைக்கிற ஒரு முழு எஞ்சினை ஏற்றலாம்.

மூன்று என்று சொன்னாலும் நடுவில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. பாகம் விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதால் எல்லாரும் குழம்புகிறார்கள். மின்னணு இக்னிஷன் (தீப்பொறி தருகிற பகுதி), 12 வோல்ட், நல்ல ஒயில் சீல், புதிய கிராங் (பிஸ்ரன் சுழற்றுகிற தண்டு) ஆகியவை வண்டி வழியில் நிற்காமல் வீடு வந்து சேர்வதற்கான மாற்றங்கள். 177 சிசி சிலிண்டர், பெரிய காபரேற்றர், கூடிய சத்தமுள்ள சைலென்சர் ஆகியவை வேகத்துக்கான மாற்றங்கள். முதல் வகைக்கு நான் கை தூக்குவேன். இரண்டாவது வகைக்கு வன்னியில் எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எதையும் தீர்மானிக்கும் முன் எஞ்சின் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுவும் எங்கள் பக்கத்து எஞ்சின் என்றால் மண்ணெண்ணெய்க் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இறுகிய காலத்தில் பெற்றோல் இங்கே போத்தல் கணக்கில் விற்ற பண்டம். எம்டி 90 மோட்டார் சைக்கிள் முதல் ஒஸ்ரின் கார் வரை எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பிளக்கைக் கழற்றிச் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அதனால் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க அமுக்கத்தைக் குறைப்பார்கள். இந்த வெஸ்பாவில் சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே கம்பனி கஸ்கெற் வைப்பதில்லை, உலோகத்தில் உலோகம் நேரே உட்காரும். மச்சானின் வண்டியில் தலையைத் தூக்கியபோது அங்கே கையால் வெட்டிய செப்புத் தகடு ஒன்று இருந்தது. ஓரம் நேராக இல்லை, ஆணி போகிற நாலு ஓட்டையும் தகரம் வெட்டுகிற கத்தரியால் குதறியெடுத்தது போல. அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவரின் கெட்டித்தனம் அது. இப்போது பெற்றோலில் ஓடப் போகிற எஞ்சினுக்கு அது வேண்டாம். எடுத்துவிட்டால் கம்பனி கொடுத்த அமுக்கம் திரும்பி வரும், "பவர் இல்லை" என்ற முறைப்பாட்டில் பாதி அங்கேயே தீரும்.

பிஸ்ரன் தலையில் எறும்பு கடித்தது போலச் சிறு குழிகள் இருந்தால் அதுவும் தட்டிய அடையாளம்தான். புகைபோக்கித் துவாரம் கரியால் பாதி அடைபட்டிருக்கும். றிங் அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அசையாது. இவை ஒன்றும் பயப்படுகிற விசயமில்லை. சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, அதாவது போர் அடித்து, ஒரு அளவு கூடிய பிஸ்ரன் போட்டால் முடிந்தது. 57 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 57 மில்லிமீற்றர் ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம்), அதாவது 145.45 சிசி. இந்த அளவு உலகத்தில் எங்கும் இல்லாத அளவு அல்ல. பஜாஜ் பல வருசம் செய்த ஸ்கூட்டர்களும், 2008இல் இறக்குமதி நிறுத்தப்படும்வரை எங்கள் வீதிகளில் கத்திக்கொண்டு ஓடிய டூ ஸ்ரோக் ஓட்டோவும் இதே 57க்கு 57தான். அதற்காக ஓட்டோப் பிஸ்ரனை அளக்காமல் வாங்கிவிடக் கூடாது. பிஸ்ரன் ஊசியின் விட்டம், பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கிற ரொட்டின் சின்னக் கண்ணில் வெண்கலப் புஷ்ஷா ஊசிப் பெயறிங்கா, தலையின் உயரம், யன்னல் வெட்டு எல்லாம் பார்க்க வேண்டும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்த எஞ்சினில் காபரேற்றரில் இருந்து வரும் காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் கதவைத் திறந்து மூடுவது கிராங்கின் ஒரு பக்கத் தட்டுத்தான். அது சுழலும்போது எஞ்சின் கூட்டில் உள்ள ஒரு வளைந்த முகத்தோடு, தொடாமல், ஆனால் மயிரிழை இடைவெளியில் ஓடும். அந்த முகத்தில் ஆழக் கீறல் விழுந்தாலோ துரு தின்றிருந்தாலோ கலவை காபரேற்றருக்கே திரும்பி அடிக்கும். உதைத்து உதைத்துக் கால் வலிக்குமே தவிர ஸ்ரார்ட் ஆகாது. மழைத் தண்ணி கிராங் கூட்டுக்குள் நின்ற எஞ்சின்களில் இது நடக்கும், கூரை போன கொட்டிலில் கிடந்த வண்டி என்றால் கேட்கவே தேவையில்லை. பிளக்க முதலே சோதிக்கலாம். காபரேற்றரைக் கழற்றி, கதவு மூடிய நிலைக்குக் கிராங்கைத் திருப்பி, துவாரத்தில் கொஞ்சம் ஒயில் விட்டுப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது. கண் மூடித் திறக்க முன் காணாமல் போனால் மூன்று வழிகளில் முதல் வழி உங்களுக்கு இல்லை. மச்சானின் எஞ்சினில் ஒயில் நின்றது. கீழே எழுதுவது எல்லாம் அந்த நல்ல செய்தியின் மேல்தான்.

கம்பனி கட்டியபடியே கட்டுகிற வழியை முதலில் பார்ப்போம். இதன் அழகு புரிகிறது. தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு வெட்டுகிற பொயின்ற், அதற்குத் துணையான கண்டென்சர், ஆறு வோல்ட், மஞ்சள் பல்ப், எல்லாம் 1962இல் இருந்தபடி. கொழும்பில் பழைய வாகனக் கண்காட்சிக்குக் கொண்டு போகிற வண்டி என்றால் வேறு வழியை நினைக்கவே வேண்டாம். பொயின்ற் இடைவெளியை 0.3 முதல் 0.5 மில்லிமீற்றருக்குள் வைத்துக்கொண்டால் இந்த இக்னிஷன் நன்றாகவே வேலை செய்யும், பழுதானால் திருத்தத் தேவை ஒரு நகவெட்டி அரமும் கொஞ்சப் பொறுமையும்தான். மின்னணுப் பெட்டி செத்தால் வீதியில் வைத்து எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் இரண்டு விசயம் அதற்கு எதிராக நிற்கிறது. ஒன்று கண்டென்சர். இப்போது புதிதாக விற்கிறவற்றில் பல, எஞ்சின் சூடேறியதும் செத்து, ஆறியதும் உயிர் வருகிற சாதி. ஏப்ரல் வெயிலில் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியில் போகும்போது திடீரென்று நிற்கும், நிழலில் அரை மணித்தியாலம் இருந்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்ரார்ட் ஆகும். மற்றது லைற். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகும் வீதியில் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்கச் சூடேறிய தாரில் மாடுகள் வந்து படுத்திருக்கும். கறுத்த எருமை என்றால் கண் மட்டும்தான் மினுங்கும், அதுவும் உங்கள் லைற் அதன் கண்ணில் பட்டால். காட்டுப் பகுதியில் யானை குறுக்கே வரும். ஆறு வோல்ட் வெஸ்பாவின் லைற் எஞ்சின் வேகத்தில் தங்கியிருக்கிறது. எங்கே அதிகம் வெளிச்சம் தேவையோ, அதாவது பள்ளம் பார்த்து மெதுவாகப் போகும்போது, அங்கே அது அணையப் போகிற விளக்காக மாறும். முன் ரயருக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள் நிறம், அவ்வளவுதான். பிரேக்கோ சிறிய ட்ரம். பகலில் மட்டும் ஓடுவேன் என்று சத்தியம் பண்ணுகிறவர் பண்ணட்டும். இந்த மாவட்டத்தில் ஒரு சாவு வீடு, ஒரு ஆஸ்பத்திரி அவசரம் வந்தால் இரவில் ஓடத்தான் வேண்டும்.

ஆகவே இரண்டாவது வழியின் முதற்பாதி. 12 வோல்ட் மின்னணு இக்னிஷன் போட்டால் பொயின்ற்றும் கண்டென்சரும் போய்விடும், தீப்பொறி நேரம் ஒருமுறை வைத்தால் நகராது, லைற்றுக்கு உயிர் வரும். பற்றறி இல்லாமலும் ஓடும். கவனிக்க வேண்டியது கிராங்கின் கூம்பு முனை. பிஎக்ஸ் காலத்துப் பிளைவீலின் (கிராங் முனையில் சுழலும் பாரச் சக்கரம்) கூம்பும் 1960களின் கிராங்கின் கூம்பும் ஒன்றல்ல. பிளைவீலை மட்டும் மலிவாக வாங்கி வந்து மாட்டப் பார்த்தால் உட்காராது. பழைய கிராங்குக்கு என்றே செய்த இக்னிஷன் தொகுதி வாங்கலாம். எப்படியும் கிராங் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், பழைய கூட்டில் உட்கார்ந்து புதிய பிளைவீலை ஏற்கிற மாற்றுக் கிராங்கைத் தேடலாம். மச்சானின் ரொட்டில் மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறது, ஆகவே அவருக்கு இரண்டாவது பொருந்தும். ஆட்டம் இல்லாதவர்கள் நல்ல கிராங்கைக் கழற்றி எறிய வேண்டாம்.

பிளைவீல் மாட்டும்போது கூம்பு இரண்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, உலர்ந்திருக்க வேண்டும். அந்தச் சின்ன அரைவட்டக் கீ நேரத்தைக் காட்டத்தான் இருக்கிறது, பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கூம்பின் இறுக்கம். நட்டைச் சரியான விசைக்கு இறுக்காவிட்டால் கீ அறுந்து, பிளைவீல் நகர்ந்து, கூம்பையே தின்றுவிடும். இக்னிஷனை மாற்றும்போது எல்லாப் பல்ப்பும், ஹோர்னும் மாற வேண்டும். பழைய வெஸ்பாவின் பிரேக் லைற் சுவிட்ச் வேலை செய்கிற முறையும் வேறு, ஆகவே வயர் தொகுதியையும் புதிதாகப் போடுவதுதான் புத்தி. அறுபது வருசத்து வயரை ரேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஒயில் சீலுக்கு ஒரு மரியாதை தர வேண்டும். கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற இந்த இரண்டு றப்பர் வளையங்களுக்காக மக்கள் எத்தனை காபரேற்றரைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள்! கிளச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஒயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை சுவர் எழுப்பும், கியர்ப் பெட்டி காயும். பிளைவீல் பக்கத்துச் சீல் போனால் புகை வராது, அதனால் அதுதான் ஆபத்து. வெளிக்காற்று உள்ளே வந்து கலவை மெலியும். எஞ்சின் நன்றாக, ஏன் வழமையைவிடத் துடிப்பாக ஓடுவது போலவே இருக்கும். ஆனையிறவு தாண்டும் முன் பிஸ்ரன் இறுகும். புதிய கிராங்குக்குச் செலவழித்துவிட்டுச் சீலில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற கணக்கு கணக்கே அல்ல. சூட்டைத் தாங்கும் நல்ல சீல், அதோடு எல்லாப் பெயறிங்கும் ஒரே தடவையில். கியர் வழுக்குகிற வண்டி என்றால், கியரை மாற்றித் தரும் அந்தச் சிலுவை வடிவத் துண்டின் முனைகள் உருண்டிருக்கும். எஞ்சின் பிளந்து கிடக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள். கிளச் தட்டுக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றுங்கள்.

இனி வேகத்துக்கான பாதி. 177 சிசி தொகுதி என்றால் போரை 63 மில்லிமீற்றர் ஆக்குவது, ஸ்ரோக் அதே 57. இத்தாலியின் டிஆர், போலினி இரண்டும் வார்ப்பிரும்பில் செய்கின்றன, பினாஸ்கோ அலுமினியத்திலும் செய்கிறது. கூட்டை வெட்டாமல் மாட்டலாம் என்று விளம்பரம் சொல்லும். பிஎக்ஸ் கூட்டுக்கு அது பெரும்பாலும் உண்மை. விபிபி கூட்டில் கலவை மேலே ஏறுகிற வழிகள் இரண்டுதான், பிந்திய எஞ்சின்களில் மூன்று. இரண்டு வழிக் கூட்டுக்கு ஏற்ற சிலிண்டரைத் தேடிப் பிடிக்காவிட்டால் 177இன் பலன் பாதியும் கைக்கு வராது. வந்தாலும் காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடுகிற பிரதான ஜெற் பெரிதாக வேண்டும், பிளக் ஒரு படி குளிர்ந்ததாக வேண்டும் (என்ஜிகேயில் இலக்கம் கூடக் கூடக் குளிர்ச்சி கூடும், பி6எச்எஸ் இருந்த இடத்தில் பி7எச்எஸ் என்பது போல), தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டும். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் பிஸ்ரன் உருகும்.

ஓட்டம் எப்படி இருக்கும்? நல்லாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது. பின்னால் ஆள் இருத்தி ஏ9இல் போகும்போது நாலாம் கியரில் தொய்யாமல் இழுக்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆனையிறவு வெளியில் பழைய 150 மூச்சு வாங்கும், 177 வாங்காது. ஆனால் அந்த வெளியில்தான் எட்டு அங்குலச் சக்கரத்தின் குணமும் தெரியும். எஞ்சின் வலப் பக்கம் தொங்குகிற வண்டி, பக்கத்தால் காற்று, எதிரே யாழ்ப்பாண பஸ். அறுபதுக்கு மேல் போக எனக்குக் கை வராது. போகாத வேகத்துக்கு எதற்குக் காசு? பிரேக்கை மாற்றாமல் இதைப் போடுவது ஒற்றைத் திருக்கலில் வடக்கன் மாட்டைப் பூட்டினது போலத்தான். பிரேக்கை மாற்றப் போனால் முன் போர்க், பத்து அங்குலச் சக்கரம் என்று கதை நீளும், முடிவில் அப்பாவின் வண்டி என்று சொல்ல இலக்கத் தகடு மட்டும்தான் மிஞ்சும்.

பெற்றோல் விசயமும் இருக்கிறது. அமுக்கம் கூடிய தொகுதிகள் 95 ஒக்டேன் பெற்றோல் கேட்கும். உள்ளூர் நிரப்பு நிலையத்தில் 95 எப்போதும் இருக்கும் என்று நம்பி ஓர் எஞ்சினைக் கட்டக் கூடாது. சாதாரண 150 எஞ்சின் 92இல் முனகாமல் ஓடும். 2022இல் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலத்தை மறந்தவர்கள் இருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை மறக்காது. குறைவாகக் குடிக்கிற எஞ்சினுக்கு இங்கே எப்போதும் மதிப்பு உண்டு.

கிளிநொச்சியில் ஒரு கராஜ்காரத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். "உந்தக் கரைச்சல் எல்லாம் ஏன் அண்ணை? சேத்தக் எஞ்சின் ஒண்டைத் தூக்கி வையுங்கோ, ஒரு நாளில வேலை முடிஞ்சுது." அவர் சொன்னதில் பிழை இல்லை. மூன்றாவது வழி உண்மையிலேயே மலிவு. பிந்திய சேத்தக் என்றால் மின்னணு இக்னிஷனும் 12 வோல்ட்டும் அதோடேயே வரும். கலவையை மெல்லிய தகட்டுக் கதவு உள்ளே விடுகிற எல்எம்எல் ரீட் வால்வ் எஞ்சின் என்றால் நான் மேலே சொன்ன அந்த மயிரிழை இடைவெளிப் பயமும் இல்லை, 57.8 போரில் 149.56 சிசி, நல்ல உழைப்பாளி. பாகம் கொழும்பில், வாகனப் பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். காலையில் தொலைபேசியில் சொன்னால் இரவு பஸ்சில் நடத்துநரிடம் பொதி ஏறிவிடும், விடிய வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறக்கிக்கொள்ளலாம். இத்தாலியத் தொகுதிக்கு அந்த வசதி இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணரோ அக்காவோ கோடை விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வர வேண்டும், பிழையான பாகம் வந்தால் அடுத்த கோடை வரை பொறுக்க வேண்டும். முன்னே பின்னே சக்கர அளவு, கேபிள் நீளம், சைலென்சர் இடிக்கிற இடம் என்று சில்லறை வேலைகள் இருந்தாலும் எஞ்சின் வண்டியில் ஏறிவிடும்.

என்னைத் தடுப்பது எஞ்சின் இலக்கம். வெஸ்பாவில் அது கூட்டிலேயே குத்தியிருக்கும். விபிபி1டி சேசிசுக்கு விபிபி1எம் எஞ்சின். பதிவுப் புத்தகத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும், எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், ஏற்றுகிற எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குத் துண்டு காட்ட வேண்டும். வேறு ஊரில் இது ஒரு அலைச்சல், அவ்வளவுதான். வன்னியில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2009இல் ஓலைப் பெட்டிக்குள் உறுதியும் பிறப்புப் பத்திரமும் வைத்துக் காப்பாற்றியவர்களே கொஞ்சம்தான். வண்டிப் புத்தகம் எத்தனை பேரிடம் இருக்கிறது? புத்தகம் இல்லாதவருக்கு, இது என் தகப்பனின் வண்டி என்று சொல்ல மிச்சமிருப்பது இரும்பில் குத்திய அந்த இரண்டு இலக்கமும், சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய தகடும்தான். (அந்த எழுத்தைத் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டு ஓடிய போராட்டம் 1957, 58இல் நடந்தது. இப்போது அதே தகட்டைப் பழைய வண்டிக்காரர்கள் பளபளப்பாக மினுக்குகிறார்கள்.) பிரதி எடுக்கத் திணைக்களத்துக்குப் போனால் அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள். வீதிச் சோதனையில் பொலிசும் அதைத்தான் பார்க்கும். சேத்தக் எஞ்சின் ஏறிய வெஸ்பாவில் அது பொருந்தாது. விற்கிற எண்ணம் இல்லை, மகனுக்குத்தான் கொடுப்பேன் என்கிறவர்கள் மகனுக்கு என்ன தாளைக் கொடுப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான் 177ஐயும் தள்ளி வைக்கிறேன். புத்தகத்தில் கொள்ளளவும் எழுதியிருக்கிறது.

ஒரு நிலையில் மட்டும் நானே மூன்றாவது வழியைச் சொல்வேன். ஒயில் விட்டுப் பார்த்த சோதனையில் தோற்று, கூட்டின் முகம் கைவிரலுக்கே தட்டுப்படும் அளவுக்குத் தின்றிருந்தால், அந்தக் கூட்டில் ரீட் வால்வ் பொருத்தக் கடைசல் வேலை தெரிந்த நல்ல ஆள் வேண்டும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அப்படி ஒருவர் உங்களுக்குப் பழக்கம் என்றால் முயலுங்கள், இலக்கம் தப்பும். ஆள் இல்லை என்றால் முழு எஞ்சின் வாங்குங்கள், துண்டோடு வாங்குங்கள், ஏற்ற முன் பதிவு வேலையைத் தொடங்குங்கள். பழைய கூட்டை இரும்புக் காரனுக்குக் கொடுக்க வேண்டாம். துடைத்து, ஒயில் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள்.

மச்சானுக்குச் சொன்னது இதுதான்: கூடு அதே, சிலிண்டர் அதே, ஒரு அளவு போர் அடித்து நல்ல பிஸ்ரன். செப்புத் தகடு வெளியே. மாற்றுக் கிராங், மின்னணு இக்னிஷன், 12 வோல்ட், வயர் தொகுதி, சீல், பெயறிங், கியர்ச் சிலுவை, கிளச். காபரேற்றர் பழைய டெல்லோர்ட்டோதான், கழுவி, ஜெற் துவாரங்களைக் காற்றால் ஊதி, மிதவை ஊசியை மட்டும் மாற்றினால் போதும். அவர் முகம் கொஞ்சம் வாடியது. 177 என்று அவர் இன்ரநெற்றில் நிறையப் பார்த்துவிட்டார். "அப்ப பவருக்கு ஒண்டுமே இல்லையோ மச்சான்?" என்று கேட்டார். அமுக்கம் திரும்பி வந்த, சீல் இறுகிய, தீப்பொறி சரியான 150ஐ அவர் வாழ்நாளில் ஓடியதில்லை. அவர் ஓடிப் பழகியது மண்ணெண்ணெய் குடித்த 150.

காசு ஒரேயடியாக இல்லை என்றால் எஞ்சினைப் பிளந்தால்தான் மாற்றக்கூடியதை முதலில் வாங்குங்கள்: கிராங், பெயறிங், சீல், கியர்ச் சிலுவை. இக்னிஷன் பிளைவீலின் பின்னால் இருக்கிறது, எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே பிறகு மாற்றலாம். ஆனால் கிராங் வாங்கும்போதே எந்தப் பிளைவீல் வரப் போகிறது என்று முடிவு செய்துவிட வேண்டும், அந்தக் கூம்புக் கதைக்காக. பழைய பொயின்ற் தட்டையும் பிளைவீலையும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வையுங்கள். மின்னணுப் பெட்டி ஒரு நாள் செத்தால், பழைய கிராங் இல்லாமல் அந்தப் பழைய பிளைவீல் மட்டும் திரும்பி ஏறாது என்பதையும் தெரிந்துகொண்டு, ஒரு உதிரிப் பெட்டியை வண்டியின் பக்கக் கூட்டுக்குள் வைத்திருங்கள்.

ஓடத் தொடங்கும்போது ஒயில் அளவு: பெற்றோலுக்கு நூற்றுக்கு இரண்டு, ஐந்து லீற்றருக்கு 100 மில்லி. முதல் சில தாங்கிக்குக் கொஞ்சம் கூட விடலாம். கையை முறுக்கிப் பிடித்து நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட வேண்டும். ஏ9 நேர்கோடாகக் கிடக்கிறது, அதற்கு இது பழகாது. முள்ளியவளையில் இருந்து தண்ணீரூற்று, முல்லைத்தீவு, திரும்ப வீடு என்று ஓடட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது பீங்கான் மண் நிறத்தில் இருந்தால் ஜெற் சரி. வெள்ளையாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, பிளைவீல் பக்கத்துச் சீலில் இருந்து தேடத் தொடங்குங்கள்.